46 மூட்டை நெல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

கேள்வி: வணக்கம் மிஸ். அக்கரைப்பற்றுப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் அலுவலக வேலை பார்க்கிறேன். பெரும்போக நெல் வந்து இறங்கும் நேரம் என்பதால் களஞ்சியத்தில் இடம் போதாமல் வெளியிலும் அடுக்கியிருந்தோம். போன கிழமை இரவு மழையில் 46 மூட்டை நனைந்துவிட்டது. மேற்குப் பக்கம் படங்கு கட்டப்படவில்லை. களஞ்சியப் பொறுப்பாளர் பதினொரு வருடமாக இங்கே இருப்பவர். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். கொழும்புத் தலைமை அலுவலகம் வெள்ளிக்கிழமைக்குள் ஆங்கிலத்தில் அறிக்கை கேட்கிறது. ஃபோனில் 'கெயர்லெஸ்' என்று தேடியபோது நெக்லிஜென்ட், ரெக்லெஸ், ரிமிஸ், டெரெலிக்ஷன் ஒஃப் டியூட்டி என்று நிறைய வந்தது. 'ஹி இஸ் எ கெயர்லெஸ் பேர்சன்' என்று தொடங்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பந்தி எழுதினேன். ஆங்கிலம் பாரமாக இருக்கட்டும் என்று 'வில்ஃபுல்' என்பதையும் போட்டேன். ஆனால் அனுப்ப மனம் வரவில்லை. இவற்றுக்குள் வித்தியாசம் இருக்கிறதா? எந்தச் சொல் சரி? சொல்ல மறந்துவிட்டேன், பழைய படங்கு கிழிந்துவிட்டது, புதிது வேண்டும் என்று மாமா இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தார்.
— வாசகி, அம்பாறை மாவட்டம்

பதில்:

மகள், அந்தப் பந்தியை அனுப்பாதீர்கள். ஆங்கிலத்தில் பிழையில்லை, இலக்கணமும் சரிதான். ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் ஆறு சொற்களும் ஆறு வெவ்வேறு குற்றச்சாட்டுகள். ஒரு பக்கக் கயிறு கட்டாமல் விட்ட ஒரே காரியத்தால் ஒரு மனிதர் அந்த ஆறையும் செய்துவிட முடியாது. ஃபோன் அகராதி அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது அவை உறவுக்காரச் சொற்கள் என்பதால். உறவுக்காரர் என்றாலும் ஒருவருடைய கையெழுத்தை இன்னொருவர் வைக்க முடியாதல்லவா?

மட்டக்களப்பில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் இந்த வேலையைத்தான் செய்துவருகிறேன். உறுதிகள், முறைப்பாடுகள், விசாரணை வாக்குமூலங்கள், விளக்கக் கடிதங்கள் என்று எத்தனையோ கைக்கு வந்து போயிருக்கின்றன. அதில் ஒரு கடிதத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஓர் அலுவலகத்தில் சாரதியாக இருந்தவர், விபத்து ஒன்றுக்குப் பிறகு மேலிடத்துக்கு எழுதியது. 'என்னுடைய கவனயீனத்தால் இது நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளவும்' என்று தொடங்கியிருந்தார். மரியாதைக்கு எழுதிய வரி அது. பெரியவர்களுக்கு முன்னால் நம்மவர்கள் முதலில் பிழையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவார்கள். அந்த அலுவலகத்தில் யாரோ அதை 'ட்யூ டு மை நெக்லிஜென்ஸ்' என்று ஆங்கிலத்தில் மாற்றிக் கோப்பில் போட்டுவிட்டார்கள். கோப்பு என்னிடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விசாரணை முழுவதும் அந்த ஒற்றை வரியையே திரும்பத் திரும்ப அவருக்குக் காட்டியிருக்கிறார்கள், நீரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறீரே என்று. பிரேக் பிடிக்கவில்லை என்று அதற்குக் கீழே அவர் எழுதியிருந்த நான்கு வரியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் நடுவில் இருந்த தூரத்தில் ஒரு மனிதருடைய வேலை போனது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

சரி, 'கெயர்லெஸ்' என்பதில் இருந்து வருவோம். 'கெயர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் கவலை, துக்கம். கெயர்லெஸ் என்றால் ஆதியில் கவலை இல்லாதவர். நாமும் பேச்சில் 'கவலையீனம்' என்கிறோமே, அதே வார்ப்பு. இரண்டு மொழியும் ஒரே வழியால் போயிருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம் தரும் விஷயம். இந்தச் சொல் ஆளின் போக்கை மட்டும் சொல்லும். கடமையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. தேநீர்க் கோப்பையைக் கைதட்டி விழுத்திய பிள்ளையும் கெயர்லெஸ்தான், அந்தப் பிள்ளைக்கு எந்தக் கடமையும் கிடையாது.

ஆனால் அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 'ஹி வோஸ் கெயர்லெஸ்' என்றால் அன்றைக்கு, அந்த நேரத்தில் அவர் கவலையீனமாக இருந்தார். 'ஹி இஸ் எ கெயர்லெஸ் பேர்சன்' என்றால் ஆளே அப்படிப்பட்டவர். நீங்கள் எழுதியது இரண்டாவது. அவன் பொடுபோக்கானவன் என்று நம்மூரில் ஒருவரைச் சொல்வதற்கு எத்தனை தடவை கண்டிருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். பதினொரு வருடத்தில் ஓர் இரவுக்கு அந்த வசனம் பொருந்தாது. முதலில் அதை வெட்டுங்கள்.

'நெக்லிஜென்ட்' வேறு வீட்டுச் சொல். லத்தீன் மொழியில் அதன் வேருக்குப் பொறுக்கி எடுக்காமல் விடுதல் என்று பொருள். சூடு அடித்த களத்தில் சிந்திக் கிடக்கும் நெல்லைக் கண்டும் குனியாமல் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதாவது எடுக்க வேண்டியது ஒன்று இருந்தது, எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை. இந்த 'வேண்டியது' தான் அந்தச் சொல்லின் உயிர். ஆங்கிலேயச் சட்டத்தில் இதற்கு ஒரு பேர்போன வழக்கு உண்டு. 1928 ஓகஸ்டில் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துத் தேநீர்க்கடை ஒன்றில், சிநேகிதி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பியரை ஒரு பெண் குடித்தார். போத்தல் இருண்ட கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்றும் அதனால் நோய்ப்பட்டதாகவும் அவர் வழக்குப் போட்டார். போத்தலை அவர் காசு கொடுத்து வாங்கவில்லை, தயாரித்தவரோடு அவருக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. அப்படியென்றால் தயாரித்தவருக்கு அவர் மேல் என்ன கடமை? லண்டன் பிரபுக்கள் சபை 1932இல் கடமை உண்டு என்றது. என் செயலால் யார் பாதிக்கப்படுவார் என்று நான் நியாயமாக எதிர்பார்க்கலாமோ அவர் என் அயலவர், அவரைப் பற்றிக் கவனமாக இருப்பது என் கடமை என்று அட்கின் பிரபு விளக்கினார். நெக்லிஜென்ஸ் என்ற சொல்லை இன்றைக்கு ஒரு சட்டத்தரணி வாசிக்கும்போது அவர் மனதில் ஓடுவது இந்தக் கணக்குத்தான். கடமை இருந்ததா, அது மீறப்பட்டதா, அதனால்தான் சேதம் வந்ததா?

உங்கள் ஆலைக்கு வருவோம். மாலையில் படங்கு கட்டுவது யாருடைய வேலை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? மாமா எத்தனை மணிக்குக் கடமை முடித்துப் போனார்? இரவுக் காவலாளி எத்தனை மணிக்கு வந்தார், வந்து அடுக்கைச் சுற்றிப் பார்த்தாரா? கயிறு கட்டவே இல்லையா, அல்லது கட்டிய கயிறு கிழிந்த துணியைப் பிய்த்துக்கொண்டு போனதா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் கையில் இல்லாமல் நெக்லிஜென்ட் என்று எழுத உங்களுக்கு வழியில்லை. பதில் கிடைத்த பிறகும் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் விசாரிப்பவர்தான். (எழுத்துப் பிழையையும் ஒருமுறை பாருங்கள். 'நெக்லிஜிபிள்' என்று ஃபோன் தானாக மாற்றிவிட்ட கடிதம் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. அதற்குப் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது என்று பொருள். ஒரு மூத்த ஊழியரைப் பற்றி அப்படி எழுதியிருந்தது.)

என்னைக் கேட்டால், பெயர்ச்சொல்லையும் உரிச்சொல்லையும் விட வினைச்சொல்லில்தான் நீங்கள் கூடுதலாகக் கவனம் எடுக்க வேண்டும். யாரும் அதைக் கவனிப்பதில்லை, ஆனால் குற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கும். 'டிட் நொட் டை' என்றால் கட்டவில்லை, அவ்வளவுதான். 'ஃபெயில்ட் டு டை' என்றால் கட்ட வேண்டியவர் கட்டத் தவறினார். கடமை என்பது சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. 'நெக்லெக்டட் டு டை' என்றால் கட்ட வேண்டும் என்பதையே பொருட்படுத்தாமல் விட்டார். 'ரெஃபியூஸ்ட் டு டை' என்றால் கட்டமாட்டேன் என்று மறுத்தார். 'ஃபர்கொட்' என்று எழுதினால், அவர் மனதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. அதை அவர் வாயால் சொன்னால் மட்டும் எழுதலாம். தமிழிலும் இந்தப் படிகள் இருக்கின்றன. கட்டவில்லை, கட்டத் தவறினார், கட்டாமல் அசட்டையாக விட்டார், கட்ட மறுத்தார். தமிழில் எழுதும்போது நீங்கள் ஒருபோதும் இவற்றை மாற்றிப் போடமாட்டீர்கள். மாமாவைப் பற்றி 'கட்ட மறுத்தார்' என்று எழுதச் சொன்னால் கை கூசும். ஆங்கிலத்தில் அந்தக் கூச்சம் வருவதில்லை, ஏனென்றால் அந்தச் சொற்களோடு நாம் வளரவில்லை. ஆகவே முதலில் தமிழில் எழுதுங்கள். எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு, ஆங்கிலத்தில் அதே படியில் கால் வையுங்கள்.

'ரெக்லெஸ்' உங்கள் அறிக்கைக்குள் வரவே கூடாது. ஆபத்து தெரிந்திருந்தும், வந்தால் வரட்டும் என்று துணிந்தவருக்கு உரிய சொல் அது. கல்முனை வீதியில் வளைவில், எதிரே வாகனம் வருவது தெரிந்துகொண்டே முந்துகிற பஸ் சாரதி ரெக்லெஸ். கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பியவர் நெக்லிஜென்ட். நமது தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அதன் 298ஆம் பிரிவு ஒருவருக்கு மரணம் விளைவித்தல் பற்றிப் பேசும்போது 'ரேஷ் ஓர் நெக்லிஜென்ட் அக்ட்' என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. தெரிந்து துணிவது ஒன்று, பாராமல் விடுவது இன்னொன்று என்பது இங்கே சட்டம் எழுதியவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

'டெரெலிக்ஷன் ஒஃப் டியூட்டி' இருக்கிறதே, அதுதான் இந்தக் குடும்பத்தில் மிகப் பாரமான சொல். 'டெரெலிக்ட்' என்பது கடல் சட்டத்தில் ஒரு கப்பலைக் குறிக்கும். மாலுமிகள் இனித் திரும்பி வருவதில்லை என்று கைவிட்டுப் போன கப்பல். 1872 டிசெம்பரில் அட்லாண்டிக் கடலில் ஒரு மனிதர்கூட இல்லாமல் மிதந்துகொண்டிருந்த மேரி செலஸ்டை அதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். நம் வாவியில் கயிறு அறுந்து மிதந்து போகும் தோணி டெரெலிக்ட் அல்ல; விடிந்ததும் தோணிக்காரர் தேடி வந்துவிடுவார். அந்தச் சொல்லைக் கடமையோடு சேர்த்தால் கடமையைக் கைவிட்டுப் போனார் என்று பொருள். 2019இல் நாம் இந்தச் சொல்லை ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி கண்டோம். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நம் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, பிள்ளைகள் உட்பட எத்தனை பேரை இழந்தோம். தாக்குதல் வரப்போகிறது என்று உளவுத் தகவல் முன்கூட்டியே கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியதால் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி உட்பட உயர்பதவிகளில் இருந்தவர்களை இழப்பீடு கட்டச் சொன்னது. அந்த அளவு பொறுப்பைப் பற்றிப் பேசும்போது எடுக்கும் சொல்லை, மழை இரவில் அவிழ்ந்து கிடந்த ஒரு கயிற்றின் மேல் வைக்கக்கூடாது, மகள்.

இனி 'வில்ஃபுல்'. ஆங்கிலம் பாரமாக இருக்கட்டும் என்று போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமென்றே, தெரிந்தே என்பதுதான் அதன் பொருள். அதைப் போட்ட அந்த நிமிடத்தில் உங்கள் அறிக்கை ஒரு விபத்தைக் குற்றமாக மாற்றிவிட்டது. மாமாவின் பணிக்கொடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடை கொடுப்பனவுச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பள ஊழியருக்கு, வேலை முடியும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் சேரும். பதினொரு வருடத்துக்கு ஐந்தரை மாதச் சம்பளம். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, மோசடி, பணக் கையாடல், உடைமைக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தல், பொருள்களை இழக்கச் செய்தல் ஆகிய காரணங்களால் ஒருவர் நீக்கப்பட்டால், அந்தச் சேதத்தின் அளவுக்கு அவர் பணிக்கொடையை இழப்பார் என்கிறது. அங்கே இருக்கிற ஆங்கிலச் சொல் 'வில்ஃபுல் டமேஜ்'. நீங்கள் அழகுக்குச் சேர்த்த சொல். இந்த அறிக்கையைக் கொழும்பில் வாசிப்பவர் மாமாவின் முகத்தைக் கண்டதில்லை, அவருக்குத் தெரியப்போவது உங்கள் சொல் மட்டும்தான்.

'சேதம்', 'இழப்பு' என்பவற்றையும் கலக்காதீர்கள். 46 மூட்டையும் நனைந்தது உண்மை. உடனே உடைத்துக் களத்தில் பரப்பி உலர்த்தினீர்களா? நெல் கொள்வனவுக்கு வைத்திருக்கும் அளவு 14 வீத ஈரப்பதன். அந்த அளவுக்குக் காய்ந்து வந்தவை எத்தனை, முளைத்தோ பூஞ்சணம் பிடித்தோ ஒதுக்கியவை எத்தனை என்று இரண்டு எண்ணாகக் கொடுங்கள். '46 பேக்ஸ் லொஸ்ட்' என்று மட்டும் எழுதிவிட்டால், காப்பாற்றிய நெல்லும் மாமாவின் கணக்கில் இழப்பாகப் போய்விடும்.

'ரிமிஸ்' கொஞ்சம் மென்மையானது. லத்தீனில் தளர விடுதல் என்ற வினையில் இருந்து வந்தது, 'லாக்ஸ்' என்பதற்கும் தளர்ந்தது என்றே பொருள். இழுத்துக் கட்டாத கயிறு. உங்கள் கதையில் உண்மையிலேயே தளர்ந்த கயிறு ஒன்று இருப்பதால் இந்த இரண்டு சொல்லும் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் லாக்ஸ் என்பதைப் பெரும்பாலும் மேற்பார்வைக்கும் ஒழுங்குமுறைக்கும்தான் சொல்வார்கள். நாம் பத்திரிகையில் 'அசமந்தப் போக்கு' என்று எழுதும் இடம் அது. இரண்டு தடவை படங்கு கேட்டு எழுதியும் பதில் வரவில்லையே, அந்தச் சொல் யார் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். அதற்காகத் தலைமை அலுவலகத்தை லாக்ஸ் என்று எழுத நான் சொல்லமாட்டேன். உங்கள் வேலையும் முக்கியம். அந்த இரண்டு கோரிக்கைக் கடிதங்களின் திகதியை மட்டும் எழுதுங்கள், போதும். திகதியோடு யாரும் சண்டைக்கு வர முடியாது.

'ஸ்லிப்ஷொட்', 'பெர்ஃபங்க்டரி' என்று இன்னும் சில ஃபோனில் வந்திருக்கும். முதலாவது அரைகுறை வேலைக்கு, இரண்டாவது ஏனோதானோ என்று கடனுக்குச் செய்வதற்கு. இங்கே இரண்டும் வேண்டாம்.

நான் உங்களுக்குத் தரும் சொல் 'ஓவர்சைட்'. கண்ணுக்குத் தப்பியது, ஒருமுறை, உள்நோக்கம் இல்லாமல். பிழை நடந்ததை அது மறைக்காது, ஆளையும் கொல்லாது. ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல்லுக்கு நேர் எதிரான இன்னொரு பொருளும் உண்டு, மேற்பார்வை என்று. நம் நாடாளுமன்றத்தில் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் இருக்கின்றனவே, அவற்றின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் இதே ஓவர்சைட்தான். ஆகவே 'ட்யூ டு த ஓவர்சைட் ஒஃப் த ஸ்டோர்கீப்பர்' என்று எழுதினால் வாசிப்பவர் ஒரு நிமிடம் தடுமாறுவார். 'அன் ஓவர்சைட்' என்று, ஒன்று என்ற பொருள் வரும்படி எழுதினால் குழப்பம் இல்லை.

அறிக்கையை இந்த ஒழுங்கில் எழுதுங்கள். திகதி, மழை தொடங்கிய நேரம், யார் எப்போது கடமையில் இருந்தார்கள். பிறகு 'த வெஸ்டர்ன் சைட் வோஸ் நொட் டைட்'. கட்டியவர் யார், விட்டவர் யார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாதவரை, மேற்குப் பக்கம் கட்டப்பட்டிருக்கவில்லை என்ற இந்த வடிவம்தான் நேர்மையானது. அதன் பிறகு மூட்டைக் கணக்கு, உலர்த்திய கணக்கு, படங்கின் நிலை, கோரிக்கைத் திகதிகள். நான் மேலே கேட்ட நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்து, கட்ட வேண்டியவர் மாமாதான் என்று தெரிந்தால் மட்டும் கடைசியில் 'திஸ் அப்பியர்ஸ் டு ஹேவ் பீன் அன் ஓவர்சைட்' என்று ஒரு வசனம். 'அப்பியர்ஸ்', அதாவது 'போலத் தெரிகிறது' என்பதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கண்டதைச் சொல்கிறீர்கள், தீர்ப்புச் சொல்லவில்லை என்பதை அந்த ஒரு சொல்தான் காட்டும். முழுதும் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

மாமாவிடமும் ஒரு விளக்கம் வாங்கி, தமிழிலேயே, அவருடைய கையெழுத்தோடு இணையுங்கள். 'என் கவனயீனத்தால்' என்றுதான் அவர் தொடங்குவார். அப்படித் தொடங்கினால் பேனையைப் பிடித்து நிறுத்தி, அன்றைக்கு மாலை என்ன நடந்தது என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு கோரிக்கைக் கடிதங்களின் பிரதியும் கோப்பில் இருக்கும், இன்றைக்கே தேடி எடுத்துவிடுங்கள். மழை இன்னும் விட்டபாடில்லை, படங்கும் இன்னும் கிழிந்துதான் கிடக்கிறது. அறிக்கையின் கடைசி வரியில் புதுப் படங்கு எப்போது வரும் என்று நீங்களே மூன்றாவது தடவையாகக் கேளுங்கள்.